பேரும் ஸ்பேரும்: பழைய இறக்குமதி ஆல்-வீல் டிரைவ் வண்டிகள்

நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகும்படி செய்த ஜப்பானிய வேகன்களுக்கு உலகெங்கும் உழைப்பாளி என்ற பெயர் உண்டு. காரின் தாழ்ந்த தளம், பின்னால் சாமான் ஏற்ற நீண்ட இடம், மழையிலும் மண்ணிலும் வழுக்காத பிடி மூன்றும் ஒரே வண்டியில் கிடைப்பது இவற்றில்தான். ஆனால் இருபது ஆண்டு பழைய அப்படியொரு வண்டி தென்காசி பக்கம் விற்பனைக்கு வந்தால், அதே வயதுள்ள சாதாரண ஜீப்புக்குக் கிடைக்கும் மரியாதை அதற்குக் கிடைப்பதில்லை. வாங்க வருபவர் முதலில் கேட்பது ஸ்பேர் கிடைக்குமா என்பதைத்தான், மைலேஜ் பேச்சு அதற்குப் பிறகே வரும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இந்த வகை வண்டியின் கதை 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஆரம்பிக்கிறது. பனி மூடிய மலைப் பாதைகளில் மின்கம்பிகளைப் பார்த்துவர ஜீப்பைவிட வசதியான வண்டி வேண்டும் என்று தோஹோகு மின் நிறுவனம் கேட்டது. அந்தத் தேவைக்காகத் தொடங்கிய வேலையிலிருந்து 1972-இல் சுபாருவின் லியோனே எஸ்டேட் என்ற நான்கு சக்கர இயக்க வேகன் விற்பனைக்கு வந்தது. அதுவரை நான்கு சக்கர இயக்கம் என்றால் பெரும்பாலும் போர்க்கால ஜீப்பும் அதன் வாரிசுகளும்தான். எட்டு ஆண்டு கழித்து ஆடி குவாட்ரோ வந்து பந்தயங்களில் ஜெயித்த பிறகு ஐரோப்பாவும் இந்தப் பக்கம் திரும்பியது. இன்றைக்கும் சுபாருவின் பெயர் கெடவில்லை. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2024 டிசம்பரில் வெளியிட்ட நம்பகத் தரவரிசையில் டொயோட்டாவையும் லெக்சஸையும் முந்தி அது முதலிடம் பிடித்தது. ஆனால் அந்தத் தரவரிசை புது வண்டி வாங்குவோருக்கானது. சமீபத்திய மாடல்கள், பக்கத்திலேயே ஷோரூம், ஒழுங்கான சர்வீஸ் எல்லாம் உள்ள நாட்டில் எடுத்த கணக்கு. இருபது வயது வண்டிக்கு அதைச் சான்றாகக் காட்டுவது புரோக்கர் பேச்சு.

இலங்கையில் 'ரீகண்டிஷன்' என்று சொல்லும் முறை, அதாவது ஜப்பானில் சில ஆண்டு ஓடிய காரை ஏலத்தில் எடுத்துக் கப்பலில் கொண்டுவருவது, இந்தியாவில் வேரூன்றவே இல்லை. விதிகள் அப்படி. 2001-இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது பழைய கார்களுக்கும் வாசல் திறந்தது. ஆனால் அரையடி அகலத்துக்குத்தான். வண்டி தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும் சுங்க வரியே வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடும். வளைகுடாவில் இருப்பவர்கள் அங்கு ஓட்டிய காரை ஊருக்குக் கொண்டுவர முடியாததற்கு வரி மட்டும் காரணமல்ல. அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். கேரளச் சாலைகளில் அவ்வப்போது தென்படும் அரபு எண் வண்டிகள் கார்னே என்ற தற்காலிக அனுமதியில் வந்து, தவணை முடிந்ததும் திரும்பிப் போக வேண்டியவை.

ஆகவே இந்தியாவில் 'பழைய இறக்குமதி வண்டி' என்றால் பெரும்பாலும் கம்பெனியே புதிதாக, முழு வண்டியாக இறக்கி விற்று, இப்போது பழசாகிப் போனதுதான். 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்படிப் பல வந்தன. ஹோண்டாவின் சிஆர்-வி, மாருதி பெயரில் வந்த சுசுகி எக்ஸ்எல்-7, சற்றுப் பின்னால் நிஸ்ஸான் எக்ஸ்-டிரெயில், 2007-இல் ஜப்பானிலிருந்து வந்த கிராண்ட் விட்டாரா ஆகியவை அவற்றில் சில. மிட்சுபிஷி அவுட்லேண்டரும் பஜேரோவும் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டப்பட்டன. கூட்டத்தில் விசித்திரமான வண்டி ஷெவர்லே ஃபாரஸ்டர். ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது சுபாருவின் தாய் நிறுவனமான ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் 20 சதவீதப் பங்கு வைத்திருந்தது. அந்த உறவில் சுபாரு ஃபாரஸ்டர் முகப்பில் ஷெவர்லே முத்திரை குத்தி இந்தியாவில் விற்றது. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், நிரந்தர நான்கு சக்கர இயக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் 2005-இல் அந்தப் பங்கை விற்றது. 2017 இறுதியில் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. சுபாருவோ இந்தியாவில் கடை திறக்கவே இல்லை. பெற்றவர் வெளியூர், வளர்த்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஃபாரஸ்டர் வைத்திருப்பவரின் நிலை அதுதான்.

செங்கோட்டை வட்டாரத்துக்கு இப்படிப்பட்ட வண்டி தேவையா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை செங்கோட்டையைத் தாண்டிப் புலியறையில் மலையேறுகிறது. எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு என்று போகும் இந்த ஏற்றத்தில் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச்செல்லும் லாரிகள் இரவும் பகலும் ஊர்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் சாரலைக் குற்றாலத்துக்குக் கொண்டுவருகிறது. சாலை நாள்கணக்கில் காயாது. ஆனாலும் அது தார்ச்சாலை. முன் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண கார், நல்ல டயர் இருந்தால், தாராளமாக ஏறி இறங்கும். ஈரச் சாலையில் விபத்து பெரும்பாலும் ஏற்றத்தில் வழுக்குவதால் நடப்பதில்லை, இறக்கத்தில் பிரேக் பிடித்து நிற்காததால் நடக்கிறது. பிரேக் விஷயத்தில் ஆல்-வீல் டிரைவ் ஒரு சல்லிக்காசுக்கும் உதவாது. எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. கூடுதல் ஷாஃப்டும் கிரவுனும் (டிஃபரன்ஷியல்) சுமக்கும் வண்டி எடை கூடியது என்பதால் நிற்க இன்னும் கொஞ்சம் தூரம்கூடக் கேட்கும்.

நான்கு சக்கரமும் உண்மையாகவே வேண்டியிருப்பது தார் முடிந்த பிறகுதான். மேக்கரை, வடகரை, பண்பொழி பக்கம் மலையடித் தோப்புகளுக்குப் போகும் மண் தடங்கள், ஆரியங்காவிலிருந்து செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் ரோஸ்மலைக்கு ஏறும் காட்டுப் பாதை போன்றவை. ரோஸ்மலைப் பாதையில் நம்பி ஏறும் வண்டி ஜீப். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து பயணிகளை ஏற்றிப்போவதும் ஜீப்தான்.

அந்த ஜீப்பும் ஒரு காலத்தில் பழைய இறக்குமதிதான் என்பதை மறந்துவிடுகிறோம். இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. போர் முடிந்ததும் மிஞ்சியவை உலகெங்கும் ராணுவ ஏலத்தில் போயின. 1947-இல் மகிந்திரா உதிரிகளாக இறக்குமதி செய்து பம்பாயில் ஜீப் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968-லேயே நின்றுபோன சிஜே-3பி வடிவம் இங்கே டீசல் எஞ்சின் மாட்டிக்கொண்டு எம்எம் 540, கமாண்டர், மேஜர் என்று பல பேரில் அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கணக்கில் ஓடியது. ஒரு வண்டியின் கியர் பாக்ஸ் இன்னொன்றுக்குப் பொருந்தும். தேய்ந்த புஷ்ஷை உள்ளூர் லேத்தில் கடைந்துகொள்ளலாம். புள்ளிவிவரப்படி பார்த்தால் ஜீப் ஒன்றும் பழுதே வராத வண்டியல்ல. எண்ணெய் கசியும், ஸ்டீயரிங் ஆடும், ஷாஃப்டின் கிராஸ் மூட்டு போகும். ஆனால் காலையில் நின்ற வண்டி மாலைக்குள் ஓடும். மலையடிவாரத்தில் நம்பகம் என்பதற்கு நடைமுறை அர்த்தம் அதுதான். பழுதே வராத வண்டி, வந்தால் மூன்று மாதம் ஷெட்டில் நிற்கும் என்றால் அது இங்கே நம்பக்கூடிய வண்டியல்ல.

ஜீப்பின் நான்கு சக்கர இயக்கமும் வேகனின் ஆல்-வீல் டிரைவும் வேலை செய்யும் விதமே வேறு. வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அகலமான வட்டத்தில், கூடுதல் தூரம் ஓடுகின்றன. ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். எஸ் வளைவுத் தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுக்க ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். அதனால்தான் அனுபவமுள்ள ஜீப் டிரைவர் தாருக்கு வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிடுகிறார். வேகன்களில் இந்தச் சிக்கலைத் தீர்க்க, முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழல விடும் இன்னொரு டிஃபரன்ஷியலை நடுவில் வைத்தார்கள். ஃபாரஸ்டரின் மேனுவல் மாடலில் அதோடு விஸ்கஸ் கப்ளிங் என்ற அடைத்த டப்பா ஒன்று உண்டு. உள்ளே கெட்டியான சிலிக்கான் எண்ணெயும் அடுக்கடுக்கான தகடுகளும் இருக்கும். முன், பின் வேகம் கொஞ்சம் வேறுபட்டால் சும்மா விட்டுவிடும். ரொம்ப வேறுபட்டால் எண்ணெய் சூடாகி இறுக்கிப் பிடிக்கும். சிஆர்-வியில் வழி வேறு. சாதாரணமாக முன் சக்கரம் மட்டும் இழுக்கும்; அது வழுக்கினால் பின் கிரவுனுக்குள் இருக்கும் இரண்டு எண்ணெய் பம்புகளின் அழுத்த வித்தியாசத்தில் கிளட்ச் பிடித்துப் பின் சக்கரமும் சேரும். கிராண்ட் விட்டாராவில் நிரந்தர இயக்கத்தோடு ஜீப்பில் உள்ளதுபோல், மெதுவாகக் கூடுதல் இழுவையோடு ஏற உதவும் லோ ரேஞ்சும் உண்டு. தோப்புக்குப் போகிறவருக்கு இந்த மூன்றில் அதுவே பொருத்தம்.

இந்த நுட்பம் டயர் கடையில்தான் பெரும்பாலும் பலியாகிறது. ஒரு டயர் கல்லில் கிழிந்துவிட்டது, மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் புதிதாக வாங்கி மாட்டுவதுதான் ஊர் வழக்கம். புது டயரில் கட்டை 8 மி.மீ. இருக்கும், பழையதில் 4 மி.மீ. மிஞ்சியிருக்கும். ஆரத்தில் 4 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் சுமார் 25 மி.மீ. சுபாரு அனுமதிக்கும் அளவோ கால் அங்குலம், அதாவது 6 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். நான்கு மடங்கு மீறியாயிற்று. நேர்ச்சாலையில் போனாலும் வண்டி ஓயாமல் வளைவில் திரும்புவதாகவே விஸ்கஸ் கப்ளிங் நினைத்துக்கொள்ளும். எண்ணெய் சூடேறிச் சூடேறி ஒரு நாள் டப்பா இறுகிப்போகும். டயரில் மிச்சம் பிடித்த பணம், கிடைக்காத ஒரு பாகத்தில் பல மடங்காகப் போய்விடும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஓட்டுவதும் இதே கேடுதான்.

வண்டிக்கு வண்டி நோயும் வேறு. சுபாருவின் பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்த வாக்கில் எதிரெதிராக இருக்கும். எடை தாழ இருப்பதால் வளைவில் வண்டி சாயாமல் நிற்கும் என்பது லாபம்; பிளக் மாற்றக்கூடக் கையை வளைத்து நுழைக்க வேண்டும் என்பது நஷ்டம். அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதி தொடங்கிப் பல ஆண்டு சுபாருவின் பெயரைக் கெடுத்தது 2.5 லிட்டர் எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் கசிவு. இந்தியாவுக்கு வந்த 2 லிட்டர் எஞ்சினில் அந்த நோய் அவ்வளவு இல்லை. இருந்தாலும் ஒரு முறை தண்ணீரில்லாமல் சூடேறிய எஞ்சின் என்றால் கதை வேறு. அதைவிட உடனடி ஆபத்து டைமிங் பெல்ட். ஏறத்தாழ ஒரு லட்சம் கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. கி.மீ. ஆகாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஆகும். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே போய்விடும். சிஆர்-வி எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். பழைய வண்டி வாங்குவோரிடம் அதற்கு நல்ல பெயர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதன் பலவீனம் பின் கிரவுன். அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. சாதாரணக் கிரவுன் ஆயிலை ஊற்றிவிட்டால், அல்லது மாற்றாமலே விட்டால், முழுக்க ஒடித்துத் திரும்பும்போது பின்னால் உறுமிக்கொண்டு வண்டி உதறும். நல்ல வேளையாக, பெரும்பாலும் சரியான எண்ணெயை மாற்றினாலே அடங்கிவிடும்.

ஸ்பேர் விஷயத்தில் மாருதி, ஹோண்டா இரண்டும் இந்தியாவில் கடை விரித்திருப்பதால், அவை இறக்கிய பழைய வண்டிகளுக்கும் ஆர்டர் போட்டுக் காத்திருக்கலாம். ஒரு சின்னக் குழப்பம் உண்டு. 2022-இல் மாருதி விற்பனைக்குக் கொண்டுவந்த கிராண்ட் விட்டாரா பேரளவில்தான் பழையதன் வாரிசு. கடையில் ஆண்டைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் புதியதின் பாகம் வந்து நிற்கும். ஃபாரஸ்டர்காரருக்கு இருக்கும் வழிகள் சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் பாகம் தேடுவது, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது, இன்னொரு ஃபாரஸ்டரை வாங்கிப் பாகத்துக்கு வைத்துக்கொள்வது. கடைசி வழி சிரிப்பாகத் தோன்றும். கணக்குப் போட்டால் சில நேரம் அதுதான் மலிவு. இலங்கையில் நிலைமை தலைகீழ். ஜப்பானியப் பழைய வண்டிகள் பல ஆண்டுகளாகக் குவிந்த நாடு என்பதால், கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் எஞ்சின், கியர் பாக்ஸ் வரை பெட்டியாகவே கிடைக்கும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020-இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025-இல்தான் படிப்படியாகத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கே பழைய வண்டிகள் விலை ஏறியே விற்றன. பாகம் கிடைத்ததால் ஓட்டிக்கொண்டே இருக்க முடிந்தது.

இனிக் காகிதம். பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் உயர்த்தியது. சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். 2025 ஆகஸ்டு அறிவிப்பு இருபது ஆண்டு தாண்டியவற்றுக்கு அதை இரட்டிப்பாக்கியது: காருக்கு 10,000, இறக்குமதிக் காருக்கு 80,000. 2004-ஆம் ஆண்டு வண்டி ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர், விலையோடு இந்தத் தொகையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். ஆர்.சி.யில் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது வீண் வம்பு.

எல்லையோர ஊர் என்பதால் செங்கோட்டைக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். புனலூர், கொல்லத்தோடு கொடுக்கல் வாங்கல் இன்றும் சகஜம். கேரளப் பதிவு வண்டியை வாங்கி ஓராண்டுக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றியாக வேண்டும். அதற்குப் படிவம் 28-இல் அங்கிருந்து என்.ஓ.சி., கடன் இருந்தால் படிவம் 35, பெயர் மாற்ற 29, 30. இங்கே சாலை வரி புதிதாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். பழைய கேரள எண்ணோடேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் உண்டு. பிடிபட்டால் வரியோடு அபராதமும் சேரும்.

2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் பல இடங்களில் சோதனை போட்டு முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கைப்பற்றியது. பூடானிலிருந்து எல்லை தாண்டிக் கொண்டுவந்து, போலிக் காகிதத்தில் வட மாநிலங்களில் பதிவு செய்து, பிறகு கேரளத்தில் விற்ற பழைய சொகுசு வண்டிகள் என்பது குற்றச்சாட்டு. லேண்ட் குரூஸர் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளே அதில் அதிகம் பேசப்பட்டன. இப்படிச் சோதனையில் பிரபலங்களின் வீட்டு வாசலிலிருந்தே வண்டி பறிபோகும்போது, இதே பாதையில் மூன்று கை, நான்கு கை மாறி வரும் வண்டியை வாங்கும் சாதாரண ஆளுக்குப் பாதுகாப்பு காகிதம் மட்டும்தான். இறக்குமதி வண்டி எனில் முதல் பதிவு எங்கே, சுங்க வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி நகல் உண்டா, சேஸிஸ் எண் அடித்த இடத்தில் ராவிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பது மெக்கானிக்கைக் கூட்டிப்போவதைப் போலவே அவசியம்.

மெக்கானிக் பார்க்க வேண்டியது ஒரு மணி நேர வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கூலண்ட் டப்பாவில் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு. விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு திறந்த இடத்தில் முதல் கியரில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி நின்றால் நடு டிஃபரன்ஷியலோ கப்ளிங்கோ இறுகியிருக்கிறது. நான்கு டயரும் ஒரே பிராண்டா, ஒரே தேய்மானமா என்பதைக் காசு ஒன்றை நுழைத்தே அளந்துவிடலாம். அடியில் படுத்துப் பார்த்தால் புரோப்பல்லர் ஷாஃப்ட் ரப்பர், கிரவுன் ஓரத்து எண்ணெய்ப் பிசுக்கு, துரு மூன்றும் தெரியும். கடலோர ஊர்களில் கிடந்த வண்டியின் அடிப்பகுதி, தென்காசியில் கிடந்ததைவிட வேகமாக அரித்திருக்கும். பெட்ரோல் வண்டி எனில் எரிபொருள் குழாய்களையும் தடவிப் பார்ப்பது நல்லது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இருபது ஆண்டுக்கு முந்தைய ரப்பர் அதை எண்ணிச் செய்ததல்ல. வெடித்தும் உப்பியும் இருக்கும் குழாய்களை மாற்ற ஆகும் செலவு சொற்பம். எந்த அளவுக் குழாயும் தென்காசியிலேயே கிடைக்கும்.